மெர்ச்சண்டைசர் மேசையில் குவியும் மெயில்கள்: சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூர் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில், பையருக்கும் (ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனம்) தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசருக்குப் பாதி வேலை மெயிலில்தான் நடக்கிறது. டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரக் கோப்பு) வருவது, லேப் டிப்புக்கு (நிறம் பார்க்கச் சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு) ஓகே கிடைப்பது, சைஸ் செட்டில் (ஒவ்வொரு சைஸிலும் தைத்த மாதிரி) ஆர்ம்ஹோலைக் கால் இஞ்ச் குறைக்கச் சொல்வது, எக்ஸ்-ஃபேக்டரி (சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்) தேதி மாறுவது எல்லாமே அங்கேதான். கூடவே கூரியர் தகவல், பட்டன் சப்ளையரின் விளம்பரம், எச்ஆர் சுற்றறிக்கை, யாரோ யாருக்கோ எழுதியதில் நமக்கும் ஒரு சிசி. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் வந்து நிற்கின்றன.

இதில் ஒரு வரி கண்ணில் படாமல் போனால் ஒரு லாட் துணியே தப்பான நிறத்தில் சாயம் ஏறிவிடும். அந்தப் பயத்தில் எந்த மெயில் வந்தாலும் உடனே திறக்கிறோம். திறந்ததை முழுதாகப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சாயங்காலம் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்திருப்போம், எதையும் முடித்திருக்க மாட்டோம்.

இங்கே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். மெயிலில் வரும் முடிவை அங்கேயே விட்டுவைக்காமல் டிஎன்ஏ (T&A) ஷீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். டைம் அண்ட் ஆக்‌ஷன் கேலண்டர் என்று நாம் வைத்திருக்கும் அந்த எக்செல் தாள்தான் வேலை இருக்கும் இடம். இன்பாக்ஸ் அதற்குச் செய்தி கொண்டுவரும் வழி மட்டுமே. நீங்கள் ஐடியிலோ வங்கியிலோ இருந்தால் டிஎன்ஏ என்று வரும் இடத்தில் உங்கள் வேலைப் பட்டியலை வைத்துப் படியுங்கள்.

1. என்ன வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள்

அவுட்லுக்கில் அனுப்புநர் பெயர் இருக்கும் தலைப்பைச் சொடுக்கினால் மெயில்கள் ஆள்வாரியாக அடுக்கிக்கொள்ளும். ஜிமெயிலில் அப்படி அடுக்க முடியாது. கடைசி ஒரு வாரத்தைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். வருபவை பெரும்பாலும் நான்கு வகைதான்: பையர் அல்லது பையிங் ஆபீஸ் (பையர் சார்பில் ஆர்டரைக் கவனிக்கும் அலுவலகம்) சொல்லும் முடிவும் கேட்கும் கேள்வியும்; டையிங் (சாயம்), கட்டிங், க்யூசி (தரச் சோதனை) ஆட்கள் நம்மிடம் கேட்பது; தகவலுக்காக வரும் சிசி; கூரியர், பையர் போர்ட்டல், விளம்பரம் என்று இயந்திரம் தானாக அனுப்புவது. பெரும்பாலான மேசைகளில் கடைசி இரண்டுதான் கூட்டம் சேர்க்கும். நம் கவனம் தேவைப்படுவதோ முதல் இரண்டுக்கு.

2. பழைய குவியலை நகர்த்துங்கள், அழிக்காதீர்கள்

ஆயிரக்கணக்கில் கிடக்கும் பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து தீர்ப்புச் சொல்ல உட்கார வேண்டாம். அப்படி ஆரம்பித்து முடித்தவர்கள் குறைவு. ஒரு மாதத்துக்கு முந்தையதை அப்படியே ஒதுக்குங்கள்.

ஜிமெயிலில் தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தினால் தேதி கொடுத்துத் தேடலாம். மேலே இருக்கும் கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரிபவை மட்டும் தேர்வாகும், வழக்கமாக 50. உடனே மெயில் பட்டியலுக்கு மேல் ஒரு வரி தோன்றும்: இந்தத் தேடலில் சிக்கிய எல்லா உரையாடல்களையும் தேர்ந்தெடு என்று. அதை அழுத்தி ‘ஆர்க்கைவ்’ கொடுங்கள். அவுட்லுக்கில் ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, முதல் மெயிலைச் சொடுக்கி, ஷிஃப்ட் விசையோடு கடைசி மெயிலையும் சொடுக்கி, மொத்தமாக இழுத்துப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைல்கள் (ஒவ்வோர் ஆடை வடிவமைப்பும் ஒரு ஸ்டைல்) மட்டும் இன்பாக்ஸில் இருந்தால் போதும்.

அழிக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சரக்கு போய் மாதங்கள் கழித்துக்கூட டெபிட் நோட்டோ (பணத்தைப் பிடித்துக்கொள்ளும் அறிவிப்பு) க்ளெய்மோ (இழப்பீட்டுக் கோரிக்கை) வரும். அன்றைக்கு ‘நீங்கள்தான் ஓகே சொன்னீர்கள்’ என்று காட்ட இருக்கும் ஒரே ஆதாரம் அந்த மெயில்.

ஸ்டைலுக்கு ஒரு ஃபோல்டர் போடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். 2011-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேர் பழைய மெயிலை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். தேடல் பெட்டியைப் பயன்படுத்தும்போது சராசரியாக 17 விநாடி ஆனது. ஃபோல்டருக்குள் போய்த் துழாவியபோது 58 விநாடி. ஃபோல்டர் போட்டதால் கண்டுபிடிப்பதில் வெற்றி கூடவும் இல்லை. ஸ்டைல் நம்பரைத் தட்டினால் வந்துவிடும் மெயிலுக்கு இழுத்துப் போடும் வேலை எதற்கு?

இணைப்புகள் மட்டும் வேறு கதை. டெக் பேக், கிரேடிங் ஷீட் (சைஸ்வாரி அளவுத் தாள்), ஆர்ட்வொர்க் இவற்றை வந்த அன்றே இறக்கி, சர்வரில் அந்த ஸ்டைலுக்கான இடத்தில் தேதியோடு பெயரிட்டு வையுங்கள். பெரிய கோப்புகளைப் பதிவிறக்க இணைப்பாக அனுப்பும் பையர்கள் உண்டு. அந்த இணைப்புகள் சில நாட்களில் காலாவதியாகிவிடும்.

3. வேண்டாததை வாசலிலேயே நிறுத்துங்கள்

ஒரே நாளில் பல்லாயிரம் மெயில் அனுப்பும் நிறுவனங்கள், ஒரே சொடுக்கில் பட்டியலிலிருந்து விலகும் வசதி தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் விதி வைத்திருக்கின்றன. 2025-இல் ஜிமெயிலில் ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற பக்கமும் வந்தது. உங்களுக்கு வரும் சந்தா மெயில்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். ஒரே உட்காரலில் விலகிவிடலாம். நீங்கள் கேள்விப்பட்டே இராத அனுப்புநர் என்றால் மெயிலுக்குள் இருக்கும் விலகல் இணைப்பைத் தொட வேண்டாம், ஸ்பேம் என்று குறித்து விடுங்கள்.

அப்புறம், ஃபில்டர். கூரியர் நிறுவனம் ‘பார்சல் கிளம்பியது, வந்தது, போனது’ என்று அனுப்புவதையெல்லாம் ‘கூரியர்’ என்ற லேபிளுக்கு நேராக அனுப்பிவிடலாம். ஜிமெயிலில் அதே தேடல் பெட்டிக் குறிக்குள் அனுப்புநர் முகவரியைக் கொடுத்து, கீழே ‘கிரியேட் ஃபில்டர்’ அழுத்தி, ‘ஸ்கிப் த இன்பாக்ஸ்’ தேர்வு செய்து, ‘அப்ளை த லேபிள்’-இல் ‘கூரியர்’ கொடுக்க வேண்டும். அவுட்லுக்கில் இது ‘ரூல்ஸ்’. சாம்பிள் எங்கே இருக்கிறது என்று தேவைப்படும்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பையர் போர்ட்டலிலிருந்து வருவது எல்லாவற்றையும் ஒரே ஃபில்டரில் தள்ளிவிடாதீர்கள். பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) ரிவைஸ் ஆனது, அளவு மாறியது, டெலிவரி தேதி மாறியது போன்றவை அதே முகவரியிலிருந்துதான் வரும். சப்ஜெக்டில் அந்தச் சொற்கள் இருந்தால் இன்பாக்ஸிலேயே நட்சத்திரத்தோடு நிற்கும்படி தனி ஃபில்டர் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஃபில்டரே வேண்டாம்.

சிசி மெயில்களுக்கு அவுட்லுக்கில் நல்ல வழி ஒன்று உண்டு: உங்கள் பெயர் சிசியில் இருந்தால் தனி ஃபோல்டருக்குப் போ என்று ரூல் போடலாம். ஒரு நாளைக்கு ஒருமுறை அதைத் திறந்து ஓட்டிப் பார்த்தால் போதும். ஆனால் டூ-வில் போட வேண்டியவரை சிசியில் போடும் பழக்கம் சில பையர்களுக்கு உண்டு. அவர்களை விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். ஜிமெயிலில் அமைப்புகளுக்குள் ‘பர்சனல் லெவல் இண்டிகேட்டர்ஸ்’ என்பதை இயக்கினால், உங்களுக்கு மட்டுமே வந்த மெயிலுக்கு முன் இரட்டை அம்புக்குறி தெரியும். காலையில் கண் முதலில் அங்கே போகட்டும்.

4. சப்ஜெக்ட் வரியைச் சரிசெய்யுங்கள்

நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு படியை மட்டுமாவது செய்யுங்கள். மெயில் பெருகுவதற்குப் பெரிய காரணம், ஒரே சங்கிலியில் மூன்று ஸ்டைல், நாலு விஷயம் என்று எல்லாம் கலந்து கிடப்பதுதான். ‘ரீ: ரீ: ஃபார்வர்டு: அர்ஜென்ட்’ என்ற தலைப்புக்குக் கீழே லேப் டிப்பும் ஜிப் நீளமும் கார்ட்டன் மார்க்கிங்கும் சேர்ந்து ஓடும். எதற்கு ஓகே வந்தது, எதற்கு வரவில்லை என்று கண்டுபிடிக்கவே இன்னொரு மெயில் போட வேண்டியிருக்கும்.

ஒரு ஸ்டைல், ஒரு கட்டம், ஒரு சங்கிலி. இதுதான் விதி. சப்ஜெக்டில் ஸ்டைல் நம்பர், பிஓ நம்பர், எந்தக் கட்டம், என்ன வேண்டும், எப்போதைக்குள் என்ற வரிசையில் எழுதுங்கள். பையருக்கு ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறோம், வரிசை மட்டும் இப்படி இருக்கட்டும்: ‘ஸ்டைல் 4417, பிஓ 88210, நேவி லேப் டிப், ஏ-பி-சியில் ஒன்றுக்கு அப்ரூவல் வேண்டும், ஜூன் 12’. மெயிலைத் திறக்காமலே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். கட்டம் மாறினால் சப்ஜெக்டையும் மாற்றிவிடுங்கள். ஜிமெயிலில் சப்ஜெக்ட் மாறினால் புதுச் சங்கிலியாகப் பிரிந்துவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

பையரே ஆறு ஸ்டைலை ஒரே மெயிலில் எழுதினால்? அவரைத் திருத்தப் போக வேண்டாம். அதே மெயிலுக்கு ஆறு வரி அட்டவணையாகப் பதில் போட்டு, ‘ஒவ்வொரு ஸ்டைலின் மேல்விவரமும் தனி மெயிலில் வரும்’ என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். சில வாரங்களில் பலர் தாங்களாகவே பிரித்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

5. மெயில் பார்க்கும் நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்தாதின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது.

‘எங்கள் வேலையில் அதெல்லாம் நடக்காது’ என்று தோன்றும். நேர வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். ஹாங்காங் பையிங் ஆபீஸ் நம் காலை 6:30-க்குத் திறந்து மதியம் 3:30 வாக்கில் மூடுகிறது. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. லண்டன் 9 மணி, நமக்கு 1:30 அல்லது 2:30. நியூயார்க் 9 மணிக்குத் திறக்கும்போது நமக்கு மாலை 6:30 அல்லது 7:30. அதாவது காலை 10 மணியிலிருந்து பகல் 12 வரை ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் யாரும் நமக்கு எழுதிக்கொண்டிருக்கவில்லை. டையிங்குக்கும் கட்டிங்குக்கும் நேரில் போக வேண்டிய நேரம் அதுதான்.

எனவே மூன்று உட்காரல். காலை 9:30-க்கு முதலாவது: இரவில் வந்த அமெரிக்க மெயில்களும் ஹாங்காங்கும். ஹாங்காங்குக்கு முதலில் பதில் போடுங்கள், மதியத்துக்குள் மறுபதில் கிடைத்துவிடும். இரண்டாவது 2:30-க்கு: ஐரோப்பா எழுந்திருக்கும். மூன்றாவது 5:30-க்கு: அப்போது எழுதி வைத்தால் நியூயார்க்கில் அவர் உட்காரும்போது நம் மெயில் மேலேயே இருக்கும். ‘ஷெட்யூல் சென்ட்’ வசதியைப் பயன்படுத்தி அவருடைய காலை நேரத்துக்குப் போகும்படியும் அனுப்பலாம்.

கடிகாரம் மாறும் தேதிகளை டிஎன்ஏ தாளின் ஓரத்திலேயே குறித்து வையுங்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்.

கணினியின் மூலையில் குதிக்கும் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். அவசரம் என்றால் ஃபோன் செய்யுங்கள் என்று பையிங் ஆபீஸிடமும் உள்ளே இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவு நேரத்துக்கும் இதே ஏற்பாடுதான். வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லிருந்து சட்டமாகவே வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2018-இல் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சூலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை நமக்குள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்: ஷிப்மெண்ட் வாரத்தில் மட்டும், டீமில் ஒருவர் ஒரு இரவு என்று முறை வைத்துப் பார்க்கலாம். எல்லாரும் எல்லா இரவும் விழித்திருக்கத் தேவையில்லை.

6. திறந்த மெயிலுக்கு ஒரு முடிவு கொடுங்கள்

சங்கிலியின் கடைசி மெயிலிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பையர் காலையில் ஒன்று சொல்லி மாலையில் மாற்றியிருப்பார். பழையதற்குப் பதில் எழுதுவதால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டு நிமிடத்தில் முடிவது என்றால் உடனே முடித்துவிடுங்கள். வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதிய டேவிட் ஆலன் சொல்லிப் பரவிய விதி இது. அதற்கு மேல் ஆகும் என்றால் டிஎன்ஏ-யில் வேலையாக எழுதி, மெயிலை ஆர்க்கைவ் செய்யுங்கள். அடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்றால் ‘காத்திருப்பு’ என்று லேபிள் ஒட்டி, ஜிமெயிலில் ஸ்னூஸ் அல்லது அவுட்லுக்கில் நினைவூட்டலோடு கொடி வையுங்கள். ஜிமெயில் அமைப்பில் ‘சென்ட் அண்ட் ஆர்க்கைவ்’ பொத்தானை இயக்கினால், பதில் போன கையோடு மெயில் இன்பாக்ஸை விட்டுப் போய்விடும். மறுபதில் வந்தால் தானாகத் திரும்பி வரும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். நேவி லேப் டிப்புக்கு மூன்று ஆப்ஷன் அனுப்பியிருக்கிறீர்கள். பையர் இப்படிப் பதில் போடுகிறார்: ‘பி பரவாயில்லை, சிவப்பு கொஞ்சம் தூக்கல், அதைக் குறைத்துவிட்டுப் போகலாம்’. இது அப்ரூவலா, மறுபடி லேப் டிப் அனுப்பச் சொல்கிறாரா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். பலரும் செய்வது, அந்த முழுச் சங்கிலியையும் ‘ப்ளீஸ் நோட்’ என்று டையிங்குக்குத் தள்ளிவிடுவது. டையிங் மாஸ்டர் சங்கிலியில் இருக்கும் பழைய மெயிலில் ‘ஆப்ஷன் ஏ’ என்று பார்த்துவிட்டால் முடிந்தது கதை.

செய்ய வேண்டியது மூன்று. முதலில் பையருக்கு ஒரு வரி: ‘ஆப்ஷன் பி கமெண்ட்டோடு அப்ரூவ்டு என்று எடுத்துக்கொள்கிறோம், சிவப்பைக் குறைத்து நேராக பல்க்குக்குப் (மொத்தத் துணிச் சாயத்துக்கு) போகிறோம், மறு லேப் டிப் அனுப்பவில்லை. சரிதானா?’ அவர் ‘சரி’ என்றதும் டிஎன்ஏ-யில் நிறம், ஆப்ஷன், கமெண்ட், ஓகே சொன்னவர், தேதி என்று ஒரே வரியில் பதிவு. பிறகு டையிங்குக்குச் சங்கிலி இல்லாமல் புது மெயில்: ‘4417 நேவி, ஆப்ஷன் பி, சிவப்பு குறைக்கணும், பல்க் போடலாம்’. அவர் படிக்க வேண்டியது அவ்வளவுதான்.

7. பதில் குறைவாக வரும்படி எழுதுங்கள்

நாம் அனுப்பும் மெயிலுக்குத்தான் பதில் வருகிறது. நாலு கேள்வியை நாலு மெயிலில் கேட்டால் எட்டாகத் திரும்பி வரும். கேள்விகளைச் சேர்த்து, எண் போட்டு, முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று எழுதுங்கள். நலம் விசாரிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

‘வியாழனுக்குள் பதில் இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்’ என்று எழுதும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். கூட்டம் எப்போது என்பது போன்ற விஷயத்துக்குச் சரி. அப்ரூவலுக்கு அதை ஒருபோதும் எழுதாதீர்கள். மௌனத்தை நம்பித் துணியை வெட்ட முடியாது. அதற்குப் பதிலாக உண்மையான விளைவை எழுதுங்கள்: ‘12-க்குள் ஓகே வந்தால் எக்ஸ்-ஃபேக்டரி ஜூலை 20. ஒரு நாள் தள்ளினால் அதுவும் ஒரு நாள் தள்ளும்.’ இப்படித் தேதியோடு எழுதினால் பெரும்பாலும் சீக்கிரம் பதில் வரும், பின்னால் ஏர் ஷிப்மெண்ட் செலவு யார் தலையில் என்ற பேச்சு வந்தாலும் இந்த வரி துணை நிற்கும்.

டூ முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள். ஜிமெயிலில் ‘அண்டூ சென்ட்’ அவகாசத்தை 30 விநாடியாக வையுங்கள். விலை விவரம் வேறொரு பையருக்குப் போய்விடாமல் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான்.

8. சிசி பற்றி மேனேஜரிடம் பேசுங்கள்

நம் அலுவலகங்களில் சிசி என்பது பாதுகாப்பு. நாளைக்கு யாராவது கேட்டால் ‘சார், உங்களுக்கும் போட்டிருந்தேனே’ என்று காட்டலாம். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே ‘சிசி போடாதே’ என்று ஜூனியரிடம் சொல்லிப் பயனில்லை. வேறு பாதுகாப்பு தர வேண்டும். தினமும் மாலை ஒரே ஒரு மெயில்: ஸ்டைல்வாரியாக இன்று என்ன ஓகே ஆனது, என்ன நிற்கிறது, எங்கே உதவி வேண்டும் என்று. அது வந்தால் மற்றதில் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் இது நடக்காது.

‘ரிப்ளை ஆல்’ அழுத்தும் முன் ஒரு கணம் நில்லுங்கள். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை மெயில் தவறுதலாக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போனது. ‘என்னை நீக்குங்கள்’ என்று பலர் எல்லாருக்குமே பதில் போட, மொத்த அமைப்பும் மந்தமானது. நிறைய பேருக்கு அறிவிப்பு அனுப்பும்போது முகவரிகளை பிசிசியில் போட்டால் இந்த வம்பு வராது.

9. வேகத்தில் ஏமாறாதீர்கள்

குவியலைக் குறைக்கும் வேகத்தில் ஒரு வகை மெயிலுக்கு மட்டும் வேகத்தடை வேண்டும்: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று வருவது. முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி சப்ளையர் போலவே எழுதுவார்கள். அந்த மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்பதில் பயனில்லை. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் அழைத்து, தெரிந்த குரலிடம் உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஓகேயும் கவனிக்க வேண்டியது. ஃபோட்டோ பார்த்துக் கட்டைவிரல் காட்டியதை அப்ரூவலாக எடுத்துக்கொண்டால், அன்றே அதை ஒரு வரி மெயிலாக அனுப்பி உறுதி வாங்கிவிடுங்கள்.

10. சனிக்கிழமை அரை மணி நேரம்

சனிக்கிழமை ஐரோப்பாவும் அமெரிக்காவும் விடுமுறை, நமக்கு வேலை நாள். மெயில் வராத அந்த நேரம் பெரிய வசதி. ‘காத்திருப்பு’ லேபிளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்; பதில் வராதவற்றுக்கு நினைவூட்டலை எழுதி, திங்கள் காலை அவர்கள் நேரத்துக்குப் போகும்படி ஷெட்யூல் செய்யுங்கள். ஃபில்டர் ஒதுக்கிய ‘கூரியர்’, சிசி ஃபோல்டர்களை ஒரு பார்வை பாருங்கள். முக்கியமானது ஏதாவது அங்கே மாட்டியிருந்தால் அந்த விதியை அப்போதே திருத்துங்கள்.

அடுத்த வாரம் லீவில் போகிறீர்கள் என்றால் மெயில்களைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். டிஎன்ஏ-யில் உங்கள் ஸ்டைல்களின் வரிகளைப் பொறுப்பேற்பவரோடு உட்கார்ந்து பாருங்கள், காத்திருப்பில் உள்ளவற்றைப் பெயரோடு சொல்லுங்கள், தானியங்கிப் பதிலில் அவருடைய முகவரியையும் ஃபோன் எண்ணையும் போடுங்கள். திரும்பி வந்த முதல் நாள் காலையில் இன்பாக்ஸைத் திறக்கும் முன் அவரிடம் பத்து நிமிடம் பேசினால், காத்திருக்கும் மெயில்களில் எவை ஏற்கெனவே முடிந்தவை என்று தெரிந்துவிடும். அவற்றைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக ஆர்க்கைவ் செய்துவிட்டு மீதியை மட்டும் படிக்க ஆரம்பியுங்கள்.